நான் பிடுங்கி வைத்த காமிக்ஸ் புத்தகம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் மகளோடு தெள்ளாரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆரணிப் பட்டு நெய்கிற குடும்பம். கல்லூரியில் படிக்கும் மகள் டேப்லெட்டில் காமிக்ஸ் வரைந்து இணையத்தில் தொடராகப் போடுகிறாள். சென்னையில் நடக்கும் காமிக்ஸ் ரசிகர் விழாவில் ஒரு மேசை எடுத்து, எப்படி வரைகிறாள் என்று எல்லாருக்கும் காட்டப் போகிறாளாம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"சார், தறியில ஏத்துற டிசைனைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கே காட்ட மாட்டோம். இவ தொழிலையே ஊருக்குக் காட்டுறேங்கறா. நீங்களே சொல்லுங்க" என்றார்.

அன்று நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தை வரிசையாக அடுக்கிக் கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்று மண்டபத்தைப் பாருங்கள். இரண்டாம் நந்திவர்மன் 8ஆம் நூற்றாண்டில் கட்டியது. பல்லவர் வரலாறு முழுவதும் கட்டம் கட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கும். சிறுவனாக இருந்த அவனையே அரசனாகத் தேர்ந்தெடுத்த கதையும் உண்டு. சில கட்டங்களுக்கு விளக்கம்கூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அவனுடைய பேரன்தான் நம் ஊரில் போர் செய்து 'தெள்ளாறெறிந்த' என்று பெயர் பெற்ற மூன்றாம் நந்திவர்மன். ஆனால் அந்தச் சிற்பி முதலில் எதில் வரைந்து பார்த்தான், எத்தனை முறை திருத்தினான் என்று ஒரு குறிப்பும் இல்லை. கோயில் நிற்கிறது, செய்முறை போய்விட்டது.

அச்சுக் காலத்திலும் அதே கதைதான். 1960இல் தினத்தந்தியில் கன்னித்தீவு தொடங்கியது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியுமே, அவர்தான்! அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். அவர் எந்தத் தூரிகையைப் பிடித்தார் என்று நம் ஊர்ப் பையன் கேட்க வழியே இல்லை. பார்த்துப் பார்த்து நோட்டில் வரைவான், வாத்தியாரிடம் அடி வாங்குவான்.

கணினி வந்தபிறகு நிலைமை மாறியது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒளிப்பேனாவால் திரைமேலேயே கோடு போட்டுக் காட்டினார். ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. 1994இல் அதில் 'லேயர்' என்ற அடுக்கு முறை சேர்ந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல. அடியில் கிறுக்கல், அதன்மேல் மைக்கோடு, பிறகு வண்ணம், கடைசியில் வசனம். எந்த அடுக்கையும் தனியாகத் திருத்தலாம், மறைத்துவைத்து மறுபடி காட்டலாம்.

அந்தப் பெண் திரையைப் பெரிதாக்கிக் காட்டினாள். படம் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிந்தது. அப்பா சட்டென்று, "இது நம்ம கிராஃப் தாள் மாதிரி இருக்கே!" என்றார். உண்மைதான். புட்டாவைக் கட்டம் கட்டமாக வரைந்து, எந்தக் கட்டத்தில் பாவு நூல் தூக்க வேண்டும் என்று அட்டையில் துளை போடுகிறோம் அல்லவா? அந்த ஜக்கார்டு முறை பிரான்சின் லியோன் பட்டுத் தறியில் 1804 வாக்கில் உருவானது. துளை அட்டையில் கட்டளை எழுதலாம் என்ற எண்ணத்தை சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டது அங்கிருந்துதான். மகளுடைய தொழிலுக்கு அப்பாவுடைய தறி தாத்தா முறை!

ரசிகர் விழாவுக்கும் வரலாறு உண்டு. 1970இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு விழா தொடங்கியது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் 'காமிக் மார்க்கெட்' நடந்தது. முதல் முறை 32 குழுக்கள், சுமார் 700 பேர்தான். சொந்தமாக வரைந்ததைத் தாங்களே மேசை போட்டு விற்றார்கள். இந்தியாவில் காமிக் கான் 2011இல் டெல்லியில் தொடங்கி, 2024 பிப்ரவரியில்தான் சென்னைக்கு வந்தது. அங்கே மேசைக்கு அந்தப்பக்கம் ஓவியர் இருப்பார். எட்டு வயதுப் பிள்ளையும் நேராகக் கேட்கலாம், "அக்கா, இது எப்படி வரைஞ்சீங்க?"

அப்பாவின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. கைத்தறியில் மாதக்கணக்கில் யோசித்த டிசைனை விசைத்தறி அப்படியே எடுத்துக்கொண்ட வலி அவருக்குத்தான் தெரியும். அதனால் மகளிடம் சொன்னேன்: "செய்முறையைக் காட்டு, தாராளமாகக் காட்டு. கதையும் பாத்திரமும் உன்னுடையவை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்த உடனே உரிமை உனக்கு வந்துவிடும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் அடுக்குகள் உள்ள மூலக் கோப்பைத் தேதியோடு பத்திரமாக வை. அதை மட்டும் யாருக்கும் கொடுக்காதே."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நானும் கூடப் போய்ட்டு வரேன் சார்" என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "எட்டாவதுல என்கிட்ட ஒரு முத்து காமிக்ஸ் பிடுங்கினீங்களே சார், அது இரவல் புக்கு. திருப்பிக் கொடுக்க முடியாம அந்த அண்ணன்கிட்ட ஒரு வருஷம் பேச்சே இல்லை."

எனக்கு நினைவே இல்லை. பிடுங்கியவனுக்கு மறந்துவிட்டது, கொடுத்தவனுக்கு நாற்பது வருடம் ஆகியும் மறக்கவில்லை. கோயில் சிற்பங்களைப் பற்றிப் பாடம் நடத்திய அதே வகுப்பில்தான் பிடுங்கியிருக்கிறேன். இரண்டும் ஒரே கலை என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது 1980களின் முத்து காமிக்ஸ் இருந்தால் சொல்லுங்கள். விலைக்கே வாங்கிக்கொள்கிறேன். ஒரு புத்தகம் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்