ஹொலஷோவிட்சே: இருமுறை காலியான கிராமம்

செக் தேசத்தின் தென்பகுதியில், வல்டாவா நதி மலைகளை விட்டிறங்கிச் சற்றே ஓய்ந்து நடக்கும் சமவெளியின் மேற்கு ஓரத்தில், செஸ்கே புதெயோவிட்சே நகரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், ஹொலஷோவிட்சே என்னும் சிற்றூர் இருக்கிறது. தெற்கே பிளான்ஸ்கி வனம் என்று வழங்கும் மலைக்காடும், அதன் சிகரமாகிய 1,084 மீட்டர் உயரமுள்ள கிலெத்தும் அடிவானத்தை மறைத்து நிற்க, மற்றத் திசைகளில் ஈரம் வற்றாத புல்வெளிகளும், மத்திய காலத்தில் கரை கட்டி மீன் வளர்க்கத் தொடங்கி இன்றும் அத்தொழில் நடைபெறும் ஏரிகளும் பரந்து கிடக்கின்றன. இலையுதிர் காலத்தில் அந்த ஏரிகளின் மதகைத் திறந்து நீரை வடித்து, சேற்றில் துள்ளும் கெண்டை மீன்களை வாரியெடுத்துக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு நாடெங்கும் அனுப்புவது தென் பொஹீமியாவின் பழைய வழக்கம்.

ஊரின் நடுவே சுமார் 210 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட பொதுவெளி ஒன்று இருக்கிறது. புல் படர்ந்த அந்த வெளியில் ஒரு குளம், ஒரு கொல்லன் உலைக்களம், 1755இல் கட்டப்பெற்ற புனித யான் நெபோமுக்கின் சிறிய ஆலயம், இவ்வளவே. அந்தப் புனிதர் 1393இல் பிராகா நகரத்தில் அரசன் ஆணையால் வல்டாவா நதியில் தள்ளிக் கொல்லப்பட்டவராதலால், பாலங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் அவரையே காவலராகக் கொள்வது அந்நாட்டுச் சம்பிரதாயம். ஊர்க்குளத்துக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்ததில் வியப்பில்லை. வெளியைச் சுற்றி 23 பண்ணை வீடுகள் தங்கள் முகப்பை உட்புறமாகக் காட்டி நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டின் பின்னும் முற்றம், முற்றத்தின் கோடியில் களஞ்சியம், அதற்கப்பால் தோட்டம், தோட்டத்துக்கும் அப்பால் விளைநிலம். மத்திய காலத்தில் நிலத்தை அளந்தவர்கள் போட்ட கோடு இது. அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்த ஜனங்கள் இருமுறை அடியோடு மறைந்தும், கோடு மட்டும் அழியாமல் நிலைத்தது என்பதே இவ்வூர்ச் சரித்திரத்தின் விசேஷம்.

எழுத்துச் சான்றில் ஹொலஷோவிட்சேயின் பெயர் முதன்முதலாகத் தென்படுவது 1263இல். இரண்டாம் ஒட்டகர் மன்னன் செஸ்கே புதெயோவிட்சேயை நிறுவியதோ 1265இல். எனவே, நகரத்தைவிடத் தாங்கள் இரண்டு வயது மூத்தவர்கள் என்று கிராமத்தார் பெருமை பேசினால் மறுப்பதற்கில்லை. 1292இல் ஒட்டகரின் குமாரனாகிய இரண்டாம் வென்செஸ்லாஸ் அரசன், வேறு சில கிராமங்களோடு இதனையும், தெற்கே எல்லையோரக் காடுகளுக்கிடையே சிஸ்டர்சியத் துறவிகள் வாழ்ந்த விஷ்ஷி பிரோட் மடத்துக்குத் தானமாக அளித்தான். அன்று முதல் 1848 வரை, ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, மடமே இவ்வூருக்கு நிலப்பிரபு. பிரபுவின் நிலத்தில் இலவசமாக உழைக்க வேண்டிய கட்டாய ஊழியமும் குடியானவனுக்கு உண்டு. வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் அவ்வூழியம் கேட்கலாகாது என்று அரசாங்கம் வரம்பு கட்டவே 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆயிற்று. துறவிகள் உலகைத் துறந்தார்களேயன்றி, அவர்களுடைய கணக்கன் ஒரு படி தானியத்தையும் துறந்தவனல்லன்.

1520க்கும் 1525க்கும் இடையில் கொள்ளைநோய் ஊருக்குள் புகுந்தது. அது விலகியபோது உயிரோடு மிஞ்சியவர்கள் இருவரே. அத்துயரத்தின் நினைவாக ஒரு தூண் ஊரில் நாட்டப்பட்டிருக்கிறது. வேறு அடையாளம் அதிகமில்லை. பாழ்பட்ட நிலம் வரி தராது என்பதை நன்கறிந்த மடம், பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மன் மொழி பேசும் குடிகளை வருவித்துக் காலியான மனைகளில் அமர்த்தியது. 1530ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 17 பேர் காணப்படுகிறார்கள். புதியவர்கள் பழைய மனைகளையே எடுத்துக்கொண்டு, பழைய வரப்புகளுக்குள்ளேயே உழுதார்கள். மொழி மாறியது, வீதி மாறவில்லை. அம்மாற்றம் எவ்வளவு ஆழமாக வேரூன்றிற்று என்பதற்கு 1895ஆம் ஆண்டுக் கணக்கு சாட்சி: அப்போது ஊரில் இருந்தவர்களில் 157 பேர் ஜெர்மானியர், 19 பேர் மட்டுமே செக்கர்.

இன்று யாத்திரிகர்கள் தேடிவந்து பார்ப்பது அந்த ஜெர்மானியக் குடியானவர்கள் 19ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் 1840க்கும் 1880க்கும் இடையில், எடுப்பித்த வீட்டு முகப்புகளை. மரக்கட்டைகளை அடுக்கிய பழைய வீடுகள் நெருப்புக்கு எளிதில் இரையாகுமென்று அரசாங்கம் இடைவிடாது எச்சரித்து வந்ததும், செங்கல்லும் சுண்ணாம்பும் மலிந்ததும் ஒரு காரணம். 1848இல் கட்டாய ஊழியம் ஒழிந்து, உழுதவனுக்கே நிலம் உரிமையானது அதனினும் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். ஊழியத்துக்கு ஈடாக நிர்ணயித்த தொகையில் ஒரு பங்கைக் குடியானவன் தவணையாகச் செலுத்த வேண்டியிருந்தபோதிலும், எஞ்சியதெல்லாம் அவனுடையது. தலைமுறை தலைமுறையாக மடத்தின் களஞ்சியத்துக்குப் போன உழைப்பு, இப்போது அவனுடைய வீட்டின் நெற்றியில் சுதையாக ஏறி நின்றது.

அந்த நெற்றியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கூரையின் முக்கோண முகம் நேர்கோடாக இராமல், மாதா கோயில் முகப்பைப்போல வளைந்து குழைந்து, இருபுறமும் சுருள் சுருளாக இறங்குகிறது. பிரபுக்களின் மாளிகைகளிலும் கோயில்களிலும் நூறாண்டுக்கு முன்பே பழசாகிப்போன பரோக் பாணியைக் கிராமத்துக் கொத்தனார்கள் பார்த்துப் பழகித் தம் மனம்போல் பிரயோகித்ததே இந்தச் சிற்பம். இலக்கணம் பார்க்கும் பண்டிதர்கள் இதில் குற்றம் காணலாம், நான் காணமாட்டேன். சுவரில் வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை என்று பூசிய வர்ணம். அதன்மேல் வெள்ளைச் சுதையில் மலரும் கொடியும். நடுவே, கட்டி முடித்த ஆண்டு. ஒவ்வொரு பண்ணையும் இரண்டு முகப்புகளை வெளிக்குக் காட்டுகிறது. இரண்டையும் இணைக்கும் மதிலில் வண்டி நுழைய வளைவான பெரிய வாயிலும், ஆள் நுழையச் சிறிய வாயிலும் உண்டு.

ஒரு முகப்பு குடும்பத்தின் வீடு. மற்றது பெரும்பாலும் தானிய அறையாகவோ, முதியவர்களின் ஒதுக்கிடமாகவோ இருந்தது. பண்ணையைப் பங்கிடாமல் ஒரே பிள்ளையிடம் ஒப்புவிக்கும் தகப்பன், அதற்குமுன் ஒரு சாசனம் எழுதி வாங்கிக்கொள்வது பொஹீமிய வழக்கம்: தானும் மனைவியும் சாகும்வரை இந்த அறையில் இருப்போம், ஆண்டுக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு விறகு, இவ்வளவு பால் மகன் தரவேண்டும் என்றெல்லாம் அதில் விவரமாகக் குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளைப்பாசத்தில் நம்பிக்கையில்லாமல் இல்லை; மருமகள் எப்படிப்பட்டவளோ என்ற முன்யோசனை.

1945இல் இரண்டாம் முறை ஊர் காலியாயிற்று. யுத்தத்தில் ஜெர்மனி தோற்றபின், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறக்குறைய 30 லட்சம் ஜெர்மானியர்கள், சொத்தெல்லாம் பறிமுதலாகி, ஆளுக்கு 30 முதல் 50 கிலோ மூட்டையோடு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு நானூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே வேரூன்றியிருந்த ஹொலஷோவிட்சே ஜெர்மானியர்களும் போனார்கள். நாஜிகள் செக் மக்களுக்கு இழைத்த கொடுமையை மறக்க இயலாது என்பது மெய். அதற்குத் தண்டனையாக ஓர் ஊரையே மொழி பார்த்துத் துடைத்தது நியாயமாகுமா என்பது வேறு கேள்வி. பின்னர் வந்த கம்யூனிஸ்டு ஆட்சியில், நாடெங்கும் தனிப் பண்ணைகள் கூட்டுறவுப் பண்ணைகளுக்குள் கரைந்தன. பல வீடுகள் பாழடைந்து நின்றன. ஆனால் அந்தப் புறக்கணிப்பே வீடுகளைக் காத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். செழிப்புள்ள ஊராயிருந்தால், பழைய முகப்புகளை இடித்துவிட்டுச் சிமெண்டு வீடுகள் எழுப்பியிருப்பார்கள்.

1990க்குப் பின் மறுபடி குடியேறியவர்கள் வீடுகளைச் செப்பனிட்டார்கள். 1998இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. நிர்வாகத்தில் யான்கோவ் என்னும் சிற்றூராட்சிக்கு உட்பட்ட இவ்வூர் இன்றும் ஜனங்கள் குடியிருக்கும் கிராமமே, காட்சிசாலை அன்று. 2008இல் ஊருக்கு அருகே யாரோ பெருங்கற்களை வட்டமாக நட்டுவைத்து ஓர் இங்கிலாந்துப் புராதனத்தை நினைவூட்ட முயன்றிருக்கிறார்கள்; இவ்வளவு பழைமையைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு பழைமையைச் செய்வானேன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த முகப்புகள் ஜெர்மானியரின் கலையா, செக்கரின் கலையா என்று வழக்காடுவோர் உண்டு. வடக்கே பிளாட்டா என்னும் சதுப்புநிலப் பிரதேசத்துக்கு அவர்கள் ஒருமுறை போய்வரலாம். அங்கே பிளாஸ்தோவிட்சே, கோமாரோவ் முதலிய கிராமங்களில், செக் மொழி பேசிய குடியானவர்கள் அதே காலத்தில், அதே சுருள்களோடும் அதே வர்ணங்களோடும், வளைவான அதே வாயில்களோடும் தங்கள் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள்.