கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

புதுச்சேரியில் ஒரு கணினிக் கடை. கடைக்காரர் என்னிடம் கேட்கவில்லை, கூட வந்த தம்பியிடம்தான் கேட்டார்: "எதுக்கு சார் சிஸ்டம்? கேமிங்கா, ஆபீஸ் வேலையா?"

"அக்காவுக்குத்தான். வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்ண" என்றான் தம்பி.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் அவனிடமே சொன்னார்: "அதுக்கு ஃபோனே போதுமே."

ஃபோன் போதாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். எங்கள் பெரியம்மா மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தவர். ஒப்பாரி சொல்ல உட்கார்ந்தால் ஒரு சாவுக்கு அழ ஆரம்பித்து, தன் வாழ்க்கை முழுவதற்கும் அழுது முடிப்பார். கிளியனூர் வீட்டுத் திண்ணையில் ஒரு மத்தியானம் அவர் பாடியதை ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தேன். வீட்டில் ஒருவர் அந்த ஃபோனைக் கடையில் கொடுத்துப் புது ஃபோன் மாற்றிக்கொண்டார். "உள்ள என்னா இருந்துச்சி?" என்று அப்புறம்தான் கேட்டார். பெரியம்மா இப்போது இல்லை. அந்தக் குரலும் இல்லை.

அதன் பிறகுதான் பெண்களின் குரல் யாருடைய கருவியில் பதிந்தது, யாரிடம் தங்கியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். பெரிய உஸ்தாதுகள் பலர் இயந்திரத்தின் முன் பாடத் தயங்கிய காலம். துணிந்து வந்தவர்களில் முக்கியமானவர்கள் பொதுவெளியில் பாடிப் பிழைத்த பெண்கள். அவர்களில் ஒருவர் கௌஹர் ஜான். மைக் கிடையாது. கூம்புக் குழலுக்குள் முகத்தை வைத்து, மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தை அடக்கிப் பாட வேண்டும். பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். இசைத்தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில். யார் பாடியது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

தெற்கிலும் இதே கதைதான். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று தொடக்ககாலத் தட்டுகளில் ஒலித்தவர்கள் தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்கள். தாயியின் குரல் மோரீஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் படைப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 1926இல் பத்து வயது எம்.எஸ். சுப்புலட்சுமி முதல் தட்டுக்குப் பாடினார். அப்போது அருகில் வீணையுடன் இருந்தவர் அவருடைய அம்மா சண்முகவடிவு. சபைகள் கதவைத் திறக்கும் முன்பே இயந்திரம் பெண்களுக்குத் திறந்தது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் குரல்தான் பெண்ணுடையது. குழலும் மெழுகும் தட்டும் லாபமும் கம்பெனியுடையவை.

மைக் வந்தது, ஃபிலிம் வந்தது, கோடம்பாக்கம் வந்தது. ஸ்டுடியோவுக்கு நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பாடும் பெண், இந்தப் பக்கம் பொத்தான்களைத் தொடும் ஆண். "இன்னொரு டேக்" என்று சொல்லும் அதிகாரம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

அந்தக் கண்ணாடியை வீட்டுக்குள் கொண்டுவந்த கதைகளில் நமக்கு நன்றாகத் தெரிந்தது 1989இல் கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடம். 1992இல் 'ரோஜா' வந்தது. அதன் பின்னால் ஒரு அம்மாவின் கணக்குப் புத்தகம் இருக்கிறது. கணவர் ஆர்.கே. சேகர் 1976இல் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தியவர் கரீமா பேகம். மகனுக்கு முதல் ஒலிப்பதிவுக் கருவி வந்ததும் அம்மாவின் நகையால்தான் என்று ரஹ்மானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தமிழ் சினிமாவின் ஒலியை மாற்றிய வீட்டு ஸ்டுடியோவின் முதல் முதலீட்டாளர் ஒரு பெண். அவரை யாரும் அப்படி அழைப்பதில்லை. 'தியாகம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

முதலீட்டோடு நிற்காமல் கருவியையும் தன் கையில் எடுத்தவர்கள் உண்டு. பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பை 1958இல் உருவாக்கியவர்களில் ஒருவரான டாஃப்னி ஓரம், மறு வருடமே வேலையை விட்டுவிட்டு, கென்ட் மாவட்டத்தில் தன் வீட்டிலேயே ஸ்டுடியோ போட்டார். ஃபிலிம் சுருளில் கோடு வரைந்து அதை ஒலியாக மாற்றும் இயந்திரத்தை அங்கே உருவாக்கினார். லாரி ஸ்பீகல் 1986இல் மேசைக் கணினிக்காக 'மியூசிக் மவுஸ்' என்ற மென்பொருளை எழுதினார். இங்கே பவதாரிணி 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃபிரண்ட்' படத்துக்கு இசையமைத்தார். இருந்தும் 2018இல் வெளியான ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வில், பிரபலமான பாடல்களின் தயாரிப்பாளர்களில் பெண்கள் வெறும் 2 விழுக்காடு. பாட நூறு பேர், பொத்தானைத் தொட இரண்டு பேர்.

சரி, கடைக்குத் திரும்புவோம். மடிக்கணினி வேண்டாம், மேசைக் கணினிதான் என்று ஏன் பிடிவாதம் பிடித்தேன்? 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினியும், குடும்பப் பெண்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு எல்லாமே வந்தன. மிக்ஸியை யாரும் இரவல் கேட்கவில்லை. தங்கையின் மடிக்கணினி மட்டும் ஒரே வருடத்தில் சித்தப்பா மகனின் ஹாஸ்டலுக்குப் போய்விட்டது. தூக்கிச் செல்ல முடிந்த பொருள் வீட்டில் பெண்ணிடம் தங்குவதில்லை. மேசைக் கணினிக்கு ஒரு மேசை வேண்டும், மேசைக்கு ஒரு மூலை வேண்டும். அந்த மூலை யாருடையது என்ற பேச்சு வீட்டில் எழும். எழட்டும் என்றுதான் வாங்கினேன்.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமாக மாற்றலாம். சீட்டு எடுத்த பணத்தில் இன்று 16 ஜிபி ரேம், அடுத்த சீட்டில் 32. ஒலிப்பதிவுக்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அந்தக் காசை நல்ல பிராசஸருக்கும், சத்தமில்லாத எஸ்எஸ்டிக்கும், மெதுவாகச் சுற்றும் பெரிய மின்விசிறிக்கும் போடலாம். ஒப்பாரியில் மூச்சு வாங்கும் இடத்தில் விசிறி இரைந்தால் பதிவு வீண். 24 பிட்டில் ஒரு மைக்கின் பதிவு மணிக்கு ஏறத்தாழ 500 எம்பி. ஆகவே 1 டிபி பல வருடங்களுக்குப் போதும். ஆனால் இரண்டாவது டிஸ்க்கில் இன்னொரு பிரதி கட்டாயம். மைக்கை நேராகக் கணினியில் சொருகாமல், தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக இணைக்க வேண்டும். பஃபர் 1,024 என்று இருந்தால், 48,000 மாதிரி வேகத்தில் ஒலி 21 மில்லிசெகண்ட் பிந்தும். ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டுப் பாடுகிறவர் தடுமாறிப்போவார். 128க்குக் குறைத்தால் 3 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத்தான் நல்ல பிராசஸர். கடைசியாக ஒரு யுபிஎஸ். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, கடைக்காரர் மெல்ல என் பக்கம் திரும்பினார். பில் என் பெயரில் போட்டார்.

மழை தொடங்கி உப்பளம் ஓய்ந்த நாட்களில் பெண்கள் என் மூலைக்கு வருகிறார்கள். ஜன்னலில் போர்வை கட்டியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் மிக்ஸி ஓடாத நேரமாகப் பார்த்துப் பதிகிறோம். கண்ணாடிச் சுவர் கிடையாது. பாடுகிறவரும் நானும் ஒரே திரையைப் பார்க்கிறோம். பாடி முடித்ததும் தன் பெயரைச் சொல்லச் சொல்கிறேன். அது ஹனோவருக்குப் போவதற்காக அல்ல. அவருடைய பேத்தி கேட்பதற்காக.

போன மாதம் ஓர் அம்மா தாலாட்டு ஒன்றும், செத்துப்போன மகளுக்கான ஒப்பாரி ஒன்றும் பாடினார். மறுநாள் காலையில் வந்து, "தாலாட்டு இருக்கட்டும் கண்ணு. இன்னொண்ண எடுத்துடு. அது எனக்கும் அவளுக்கும்" என்றார். நான் பதிந்தவற்றிலேயே மிகச் சிறந்த பதிவு அது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, மவுஸை அவர் கையில் கொடுத்தேன். முதலில் கணினியில் இருந்து, பிறகு இரண்டாவது டிஸ்க்கில் இருந்து, இரண்டையும் அவரே அழித்தார். "போயிடுச்சா?" என்று கேட்டார்.

"போயிடுச்சிம்மா" என்றேன்.