போத்தலும் பெட்டியும்: திராட்சை மதுவின் கொள்கலம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டைப்பெட்டியில் விற்கப்படும் விலைகுறைந்த திராட்சை மது, போத்தலில் அடைக்கப்பட்ட மதுவுக்கு நிகராகுமா என்னும் வினா, முதல் நோக்கிற் சுவை பற்றிய வினாவாகவே தோன்றும். ஆயின் வரலாற்று மாணவர்க்கு அது கொள்கலம் பற்றிய வினாவாகும். மதுவின் ஆயுளையும் விலையையும் அதனை அருந்துவோர் யாவர் என்பதையும் அது வைக்கப்படும் கலமே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது.

பண்டைய மத்தியதரைக்கடல் உலகில் மது 'அம்போரா' எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளிற் சென்றது. 1945இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழ்வில் இச்சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் செய்யுளும் குறிப்பிடுகின்றது. நன்கு அடைக்கப்பட்ட சாடி காற்றைத் தடுத்தமையால் உரோமரால் மதுவை நெடுங்காலம் பேண முடிந்தது. கி.மு. 121ஆம் ஆண்டின் மது தலைமுறைகள் கடந்தும் எஞ்சியிருந்தமையைப் பிளினி எடுத்துரைக்கின்றார்.

பின்னர் கோல் நாட்டாரின் மரப்பீப்பா சாடியின் இடத்தைப் பிடித்தது. பீப்பாவை உருட்டிச் செல்லலாம். அது எளிதில் உடையாது. எனினும் மரத்தினூடாகக் காற்றுப் புகும். ஆகவே ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக மதுவை அவ்வாண்டிலேயே பெரும்பாலும் அருந்தி முடித்தனர். பழைய மது புளித்த மதுவாகவே கருதப்பட்டது.

இந்நிலையை மாற்றியது இங்கிலாந்தின் நிலக்கரியாகும். கப்பல் கட்டுதற்கு வேண்டிய மரத்தைக் காக்கும் பொருட்டு, கண்ணாடி உலைகளில் விறகெரிப்பதை 1615இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் தடைசெய்தான். நிலக்கரியின் கூடிய வெப்பம் தடித்த, உறுதியான, கருநிறப் போத்தலைத் தந்தது. தக்கையும் அதனுடன் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டிற் போத்தல் உருளை வடிவம் பெற்றதும் அதனைக் கிடையாக அடுக்கித் தக்கையை ஈரமாக வைத்திருக்க முடிந்தது. இவ்வாறே, முதிர்ந்த மதுவே சிறந்த மது என்னும் எண்ணம் மீண்டும் வேரூன்றியது. ஆயினும் போர்தோவின் புகழ்பெற்ற தோட்டங்களின் மதுவிற் பெரும்பகுதி, 20ஆம் நூற்றாண்டிலும் பீப்பாக்களிலேயே வணிகர் கைக்குச் சென்றது. முழு விளைச்சலையும் தோட்டத்திலேயே போத்தலில் அடைக்கும் வழக்கத்தை 1924இல் மூத்தோன் தோட்டத்தின் பிலிப் த றொத்சைல்ட் தொடங்கினார். இன்று தொன்மையின் சின்னமாகத் தோன்றும் இவ்வழக்கம் உண்மையில் அண்மைக்காலத்ததாகும்.

பெட்டியின் கதை அவுஸ்திரேலியாவுக்கு உரியது. மறே ஆற்றுப் பாசனத்தால் திராட்சை மிகுதியாக விளையும் ரென்மார்க் நகரில், மது உற்பத்தியாளரான தோமஸ் அங்கோவ் 1965இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். மட்டைப்பெட்டிக்குள் ஒரு கலன், அதாவது ஏறத்தாழ 4.5 லீற்றர் மது கொண்ட பொலித்தீன் பை வைக்கப்பட்டது. பையின் மூலையை வெட்டி வார்த்தபின் கௌவியால் இறுக்கிக்கொள்ள வேண்டும். 1967இல் பென்போல்ட்ஸ் நிறுவனமும் ஜீலோங் நகரைச் சேர்ந்த சாள்ஸ் மல்பாஸும் பையில் திறந்து மூடும் குழாயைப் பொருத்தினர். அதன்பின் பெட்டி வீடுகள்தோறும் பரவிற்று.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனின், மது வெளியேறுந்தோறும் பை சுருங்குகின்றது; காற்று உட்புகுவதில்லை. திறந்த போத்தலின் மது சில நாள்களிற் கெடும். பெட்டியின் மதுவோ சில வாரங்கள் நிற்கும். ஆயின் திறவாத நிலையில் இவ்வுண்மை தலைகீழாகின்றது. பிளாத்திக்குப் படலத்தினூடாக ஒட்சிசன் சிறிது சிறிதாகக் கசிவதால், பெட்டியின் மது ஓராண்டளவிற் சோர்ந்துவிடும். பல்லாண்டு முதிர வேண்டிய மதுவுக்குப் பெட்டி உதவாது. எனினும் உலகில் விற்கப்படும் மதுவிற் பெரும்பகுதி அவ்வாறு முதிர வைக்கப்படுவதன்று. வாங்கிய சில நாள்களுக்குள்ளேயே அருந்தப்படுவதாகும். அவ்வகை மதுவைப் பொறுத்தவரை பெட்டி போத்தலுக்கு நிகரே.

அவ்வாறாயின் பெட்டிக்கு இழிபெயர் வந்தது எவ்வாறு? குறை கலத்தினதன்று, அதனுள் வார்க்கப்பட்டதனதே. மலிவான மதுவை மிகுதியாக விற்கவே அது பயன்பட்டமையால், கலமும் மலிவின் அடையாளமாயிற்று. சுவீடனில், அரச விற்பனை நிறுவனம் 2010களில் விற்ற திராட்சை மதுவில் அரைவாசிக்கு மேற்பட்டது பெட்டியிலேயே சென்றது. எனவே இவ்விகழ்ச்சி எங்கும் பொதுவானதன்று.

ஆயினும் மலிவு தீங்கற்றதெனக் கொள்ளுதல் தவறாகும். அவுஸ்திரேலியாவிற் பியருக்கும் சாராயத்துக்கும் அற்ககோலின் அளவுக்கேற்ப வரி உண்டு. திராட்சை மதுவுக்கோ, 2000ஆம் ஆண்டு தொடக்கம் மொத்த விற்பனைப் பெறுமதியில் 29 வீதமே வரி. எனவே மலிவான மதுவே மிகக் குறைந்த வரியுடன் மிகுந்த போதையைத் தருகின்றது. குடியின் கேடு மிகுந்த வட பிராந்தியத்தில், 1995இல் பெட்டி மதுவுக்கு லீற்றருக்கு 35 சதம் தனிவரி விதிக்கப்பட்டது. மாநிலங்கள் அறவிட்ட இத்தகைய கட்டணங்கள் செல்லாவென 1997இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமையால் அது மறைந்தது. 2018இல், 10 கிராம் அற்ககோலுக்கு 1.30 டொலர் என்னும் குறைந்தபட்ச விலை அங்கு நடைமுறைக்கு வந்தது. 2025இல் அதுவும் நீக்கப்பட்டது.

ஆகவே பெட்டியை எடைபோடுவோர் இரு வினாக்களைப் பிரித்து நோக்குதல் வேண்டும். மதுவைக் காக்கும் கலமாக அது எத்தகையது என்பது ஒன்று. அதனால் மலிந்த மது சமுதாயத்தை என் செய்தது என்பது மற்றொன்று. முன்னதற்குப் பெட்டி தக்க விடையளித்துவிட்டது. பின்னதற்கு விடையளிக்கவேண்டியவர்கள் பெட்டியைச் செய்தோரல்லர். வரியையும் விலையையும் வகுத்தோரே.