ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களும் டிஜிட்டல் கேமராக்களும்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பது, படம்பிடிக்கப்படும் பொருளின் தூரத்தை இரண்டு சிறு சாளரங்களின் வழியே கணித்து ஃபோகஸ் செய்யும் கேமரா வகையாகும். இதில் படம்பிடிப்பவர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனியாக உள்ள சாளரத்தின் வழியே பார்க்கிறார். அதன் நடுவில் காட்சி இரண்டு உருவங்களாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி, இரண்டு உருவங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி செய்தால் ஃபோகஸ் சரியாகிவிடும். உள்ளே சாய்வுக் கண்ணாடி எதுவும் இல்லாததால் லென்ஸை பிலிமுக்கு மிக நெருக்கமாக வைக்க முடிந்தது. 1930களில் செய்த லென்ஸ் இன்றைய டிஜிட்டல் கேமராவில் வேலை செய்வதற்கும், இடையில் ஐம்பது ஆண்டுகள் அது அலமாரியில் கிடந்ததற்கும் இந்த நெருக்கமே காரணம்.

28.8 மில்லிமீட்டர்

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தது. அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930இல் திருகிக் கழற்றும் லென்ஸ்கள் வந்தன. ஆனால் ஒரு கேமராவுக்கென்று சரிசெய்யப்பட்ட லென்ஸ் இன்னொரு லைக்காவில் சரியாகப் பொருந்தாது. 1931இல்தான் இதற்கு ஒரே அளவு வகுக்கப்பட்டது. லென்ஸ் அமரும் வளையத்திலிருந்து பிலிம் வரை 28.8 மி.மீ. இந்த இடைவெளிக்கு ஃபிளேஞ்ச் தூரம் என்று பெயர். 1932இல் வந்த லைக்கா II கேமராவில் ரேஞ்ச்ஃபைண்டரும் உள்ளேயே இணைக்கப்பட்டது.

அளவு ஒன்றாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதற்குப் பொருத்தமாகச் செய்யலாம் அல்லவா? அப்படியே நடந்தது. சோவியத் நாட்டில் ஃபெட், சோர்க்கி கேமராக்களும், ஜப்பானில் கேனன் கேமராக்களும் லைக்காவின் திருகு முறையைப் பின்பற்றின. 1950இல் டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர் டோக்கியோவில் நிக்கான் நிறுவனத்தின் நிக்கோர் லென்ஸ்களைச் சோதித்துப் பார்த்து, அவற்றைத் தம் லைக்காவில் பொருத்திக்கொண்டு கொரியப் போர்க்களத்துக்குச் சென்றார். ஜப்பானிய லென்ஸ்களை உலகம் மதிக்கத் தொடங்கியதில் இந்தக் கலப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

1954இல் லைக்கா M3 வந்தது. திருகுக்குப் பதிலாக, சற்றே திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வளையம் இதில் அமைந்தது. இதன் ஃபிளேஞ்ச் தூரம் 27.8 மி.மீ., அதாவது பழைய அளவைவிடச் சரியாக 1 மி.மீ. குறைவு. இது தற்செயல் அன்று. 1 மி.மீ. தடிமனுள்ள வளையம் ஒன்றை இடையில் வைத்தால் பழைய திருகு லென்ஸ்கள் எல்லாம் புதிய கேமராவிலும் வேலை செய்யும். பழைய லென்ஸ் வைத்திருப்பவரைக் கைவிடாத இந்த ஏற்பாடுதான் இன்றைய அடாப்டர்களுக்கெல்லாம் முன்னோடி. இன்றைய நிறுவனங்கள் பலவற்றிடம் இந்தப் பண்பைக் காண முடியவில்லை.

தமிழ்நாட்டில்

லைக்காவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரெஞ்சுப் படக்காரர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் 1950இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஏப்ரல் 14 அன்று இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். சிறிய கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் பெரும்பாலும் அவருக்குப் போதுமாக இருந்தன.

நம் நாட்டுக்காரர்களின் நிலை வேறு. 1950களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபின் வெளிநாட்டுக் கேமராக்களை இறக்குமதி செய்வது அரிதாகிவிட்டது. பிலிமுக்கு உதகமண்டலத்தில் இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை வந்தது. எளிய பெட்டிக் கேமராவாக அக்ஃபா கிளிக் III பரோடாவில் தயாரானது. லென்ஸ் மாற்றும் வசதியுள்ள தரமான கேமரா வேண்டுமானால் வெளிநாடு சென்று வருபவரையோ பழைய பொருளையோதான் நம்ப வேண்டும். கிடைத்த உடலையும் கிடைத்த லென்ஸையும் இணைத்துப் பார்ப்பது இங்கே பொழுதுபோக்காகத் தொடங்கியதன்று.

இதற்குச் சிறந்த சான்று மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளையான இவர், சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை பத்தி எழுதினார். காட்டு யானைகள் முதலிய விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம்பிடித்தார். அவர் கையாண்ட கேமரா கடையில் வாங்கியபடியே இருந்ததில்லை. உடல் ஒரு நிறுவனத்தினுடையது, தொலைநோக்கு லென்ஸ் வேறொரு நிறுவனத்தினுடையது, மற்ற உறுப்புகள் வேறு எங்கிருந்தோ வந்தவை. எல்லாவற்றையும் அவரே சேர்த்துப் பொருத்தியிருந்தார். அசாமைச் சேர்ந்த இயற்கையியலாளர் இ. பி. ஜீ அதைப் பார்த்துவிட்டு, கட்டுவதற்குச் செருப்புக் கயிறு பயன்பட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் எங்கோ கம்பி இருந்திருக்கும் என்று வேடிக்கையாக எழுதினார். கிருஷ்ணன் அதற்கு வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. பெயரிலேயே கனம் தெரிகிறது. அந்த ஒட்டுக் கேமராவில் எடுத்த படங்கள் இன்றும் இந்தியக் காட்டுயிர்ப் படங்களில் முன்வரிசையில் வைக்கப்படுகின்றன.

கிருஷ்ணனின் கருவி ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சேர்ந்ததன்று. சேர்ந்திருக்கவும் முடியாது. ரேஞ்ச்ஃபைண்டருக்கான லென்ஸ்கள் பொதுவாக 135 மி.மீ. அளவோடு நின்றுவிடும். அதற்குமேல் இரட்டை உருவ முறையின் துல்லியம் போதாது. தொலைவில் நிற்கும் யானைக்கு லென்ஸ் வழியே நேராகப் பார்க்கும் முறைதான் வேண்டும்.

அலமாரிக்குப் போன காலம்

லென்ஸ் வழியே நேராகப் பார்ப்பதற்கு, பிலிமுக்கு முன்னால் ஒரு சாய்வுக் கண்ணாடியை நிறுத்த வேண்டும். அதற்கு இடம் தேவை. 1959இல் வந்த நிக்கான் F கேமராவின் ஃபிளேஞ்ச் தூரம் 46.5 மி.மீ. ஆனது இதனால்தான். எஸ்.எல்.ஆர். என்று அழைக்கப்படும் இவ்வகைக் கேமராக்கள் சில ஆண்டுகளில் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை இவற்றில் ஏன் பொருத்த முடியாது என்பதை மாணவர்கள் ஒரு சிறு கணக்கால் அறியலாம். M லென்ஸ் பிலிமிலிருந்து 27.8 மி.மீ. தள்ளி அமர வேண்டும். நிக்கானில் 46.5 மி.மீ. தள்ளி அமரும். வேறுபாடு 18.7 மி.மீ. குவியத் தொலைவு 50 மி.மீ. உள்ள லென்ஸை இப்படி முன்னே தள்ளினால், பாடநூலில் உள்ள லென்ஸ் சமன்பாட்டின்படி, லென்ஸிலிருந்து ஏறத்தாழ 18 செ.மீ. தூரத்தில் உள்ள பொருள் மட்டுமே தெளிவாக விழும். ஒரு சாணுக்கும் குறைவான தூரம் அது. எதிரே நிற்கும் ஆள்கூடத் தெளிவாக விழமாட்டார். அடாப்டரால் லென்ஸை முன்னே தள்ள முடியும். பின்னே இழுக்க முடியாது. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் வந்த பிறகும் இந்தத் தடை அப்படியே இருந்தது.

டிஜிட்டலில் மறுவாழ்வு

2004இல் எப்சன் நிறுவனம் R-D1 என்ற கேமராவை வெளியிட்டது. டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்களில் இதுவே முதலாவது. ஜப்பானின் கோசினா நிறுவனத்தின் பிலிம் கேமரா உடலை அடிப்படையாகக் கொண்டது. டிஜிட்டல் கேமராவாக இருந்தும், ஒவ்வொரு படத்துக்கும் முன் ஷட்டரை ஏற்ற ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். 2006இல் லைக்கா M8 வந்தது. அகச்சிவப்புக் கதிரை அது போதுமான அளவு தடுக்காததால் கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் படத்தில் ஊதா நிறமாகத் தெரிந்தன. முழு பிலிம் அளவு சென்சாரோடு லைக்கா M9 வந்தது 2009இல்.

இவையெல்லாம் விலை மிகுந்தவை. சாதாரண மக்களுக்குக் கதவைத் திறந்தது வேறொரு வரிசை. 2008இல் பானசோனிக் G1, 2010இல் சோனி நெக்ஸ், 2013இல் முழு அளவு சென்சார் கொண்ட சோனி A7 ஆகியவை சாய்வுக் கண்ணாடியை நீக்கிவிட்டு, சென்சார் காணும் படத்தையே திரையில் காட்டின. கண்ணாடி போனதும் இடைவெளியும் சுருங்கியது. சோனியின் ஃபிளேஞ்ச் தூரம் 18 மி.மீ. மட்டுமே. 27.8இலிருந்து 18ஐக் கழித்தால் 9.8. அந்தத் தடிமனுள்ள ஓர் உலோக வளையம்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடியோ மின்சுற்றோ தேவையில்லை.

ஃபோகஸை நேராகத் திரையில் பார்ப்பதால் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்புக்கே வேலை இல்லாமல் போனது. இதனால் மிகுந்த நன்மை அடைந்தவை சோவியத் லென்ஸ்கள். ஜூபிட்டர் வரிசை லென்ஸ்கள் சைஸ் நிறுவனத்தின் வடிவமைப்பிலிருந்து வந்தவை. லைக்காவின் அளவுகோலிலிருந்து அவை சற்று விலகியிருந்ததால் அருகில் உள்ள பொருள்களில் ஃபோகஸ் தவறும் என்ற பழி அவற்றுக்கு இருந்தது. திரையில் பார்த்து ஃபோகஸ் செய்யும்போது அந்தக் குறை மறைந்துவிடுகிறது.

ஆனால் புதிய குறை ஒன்று வந்தது. அகலக் கோண ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களின் பின்கண்ணாடி பிலிமை ஒட்டியே இருக்கும். ஆகவே படத்தின் ஓரங்களில் ஒளி மிகச் சாய்வாக விழும். பிலிம் இதைப் பொறுத்துக்கொண்டது. சென்சாரின் முன் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. சாய்ந்த ஒளி அதில் விலகி ஓரங்களைக் குழப்பிவிடுகிறது. சில கேமராக்களில் மூலைகள் ஊதா நிறம் காட்டுகின்றன. லைக்கா இந்தத் தகட்டை மெல்லியதாக்கி, ஓரத்து நுண்லென்ஸ்களையும் சற்று நகர்த்தி அமைத்தது. மற்ற நிறுவனங்களுக்கு அடுத்தவர் லென்ஸுக்காக அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. 50 மி.மீ. அளவிலும் அதற்கு மேலும் உள்ள லென்ஸ்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தெரியாது. முதலில் அடாப்டர் வாங்குபவர் அந்த அளவில் தொடங்குவதே நல்லது. ஜூபிட்டர்-12 போன்ற சில லென்ஸ்களின் பின்பகுதி வெகு ஆழமாக உள்ளே நீளும். அளந்து பார்க்காமல் திருகினால் உள் உறுப்புகளில் இடிக்கலாம்.

ஏரிக்கரையில்

சென்னைக்கு வடக்கே எளாவூரிலிருந்து பழவேற்காடு வரை ஏரியை ஒட்டிய மீனவ ஊர்களுக்குக் கேமராவோடு வருபவர்கள் பெரும்பாலும் பூநாரைகளுக்காக வருகிறார்கள். அதற்குப் பழைய லென்ஸ் உதவாது. கிருஷ்ணன் சுமந்ததைப் போன்ற நீண்ட லென்ஸ்தான் வேண்டும். வலை பழுது பார்ப்பவர்கள், 'பாடு' முறையில் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் படகுகள், பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வாயிலில் உள்ள எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் ஆகியவற்றுக்கு 35 அல்லது 50 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் மிகவும் ஏற்றது. ஆனால் இது நின்று நிதானமாக எடுப்பவருக்கான கருவி. தானியங்கி ஃபோகஸ் கிடையாது. 70 செ.மீ. அல்லது ஒரு மீட்டருக்குள் நெருங்கவும் பழைய லென்ஸ்கள் பெரும்பாலும் இடம் தருவதில்லை. அதற்கென்று நீளும் வகை அடாப்டர்கள் தனியாக உள்ளன.

உப்புக்காற்றும் ஈரமும் உள்ள இந்தக் கரையில் லென்ஸின் பெரிய எதிரி பூஞ்சை. கண்ணாடிகளுக்கிடையே சிலந்தி வலை போல் படர்ந்து, மேற்பூச்சை அரித்துவிடும். பழைய ஸ்டுடியோக்களின் பெட்டிகளில் கிடந்த எத்தனையோ நல்ல லென்ஸ்கள் இப்படித்தான் வீணாயின. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதில் மூடி வைக்கக் கூடாது. அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கம் தூசியைத்தான் சேர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் விளக்கை அடித்து முன்பக்கம் பார்த்தால் பூஞ்சை இருப்பது தெரிந்துவிடும்.