படத்தில் தெரியாத நெஞ்சுவலி

1958 அக்டோபர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் ஓர் இளைஞரின் இதயத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். குழாயின் நுனி தவறி இதயத் தமனிக்குள் நுழைந்துவிட, சாயம் அதில் பாய்ந்தது. இதயம் சில நொடிகள் நின்றே போனது. இருமச் சொன்னார் சோன்ஸ். இரும, துடிப்பு திரும்பியது. இதயத் தமனிகளைத் தனியே பார்க்கும் ஆஞ்சியோகிராம் பிறந்தது இப்படித்தான்.

பிறகு அந்தப் படமே தீர்ப்பானது. நெஞ்சுவலியோடு வந்த பெண்களில் பலருக்குப் படத்தில் அடைப்பு இல்லை. மனக்கவலை, மாதவிடாய் நிற்கும் வயது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். (இந்த இரண்டில் ஒன்றையாவது கேட்காத பெண் என் வயதில் இருக்கிறாளா?)

1991இல் இதயநோய் மருத்துவர் பெர்னடீன் ஹீலி இதற்கு 'யென்டில் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். யென்டில், ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் கதையில் மறைநூல் படிப்பதற்காக ஆண் வேடமிடும் யூதப் பெண். ஆணுக்கு வருவதுபோலவே தனக்கும் நோய் வந்திருப்பதை நிரூபித்தால்தான் பெண்ணுக்குச் சமமான சிகிச்சை என்றார் ஹீலி. ஒரு மருத்துவர் தன் கோபத்தைச் சொல்லக் கதையிடம் போனது, தமிழ் நடத்துகிற எனக்குப் பிடித்திருக்கிறது.

1996இல் தொடங்கிய 'வைஸ்' ஆய்வு பெண்களை மட்டுமே பல ஆண்டுகள் தொடர்ந்தது. ஆஞ்சியோகிராமில் அகப்படாத நுண்குழாய்களில் ரத்தவோட்டம் குன்றியிருந்த பெண்களுக்கு மாரடைப்பும் மரணமும் கூடுதலாக நேர்ந்தன.

இப்போது சி.டி. ஸ்கேனில் தமனிச் சுவரின் சுண்ணாம்புப் படிவை அளந்து, வரப்போகும் ஆபத்தை எண்ணாகச் சொல்கிறார்கள். பயனுள்ள எண்தான். நுண்குழாய்களை அதுவும் அளப்பதில்லை.