துறவி மடத்திலிருந்து சபையாரின் நாவிற்கு

மார்ட்டின் லுத்தரைச் சீர்திருத்தத் தலைவராக நாம் நன்கறிவோம். பாடலாசிரியராக அவரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. 1505-ஆம் ஆண்டு எர்பர்ட் நகரத்து அகுஸ்தீன் மடத்தில் சேர்ந்த அவர், நாள்தோறும் குறித்த வேளைகளில் சங்கீதங்களை இலத்தீனில் பாடிப் பயின்றார். ஆலயத்தில் நின்ற பொதுமக்களோ பெரும்பாலும் கேட்போராகவே இருந்தனர்.

1523-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், சீர்திருத்தப் போதனையை மறுதலிக்க இசையாத அகுஸ்தீன் துறவியர் இருவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் எரிக்கப்பட்டனர். அச்செய்தி கேட்ட லுத்தர், அவர்களுடைய சாட்சியை மக்கள் மொழியில் கதைப்பாடலாக்கினார். அவருடைய பாடற்பணிக்கு அதுவே தொடக்கம். அவ்வாண்டின் இறுதியில், சங்கீதங்களைச் செர்மானியப் பாட்டுகளாக்கும்படி நண்பர் ஸ்பலாத்தீனுக்கு எழுதியபோது, அரண்மனை வழக்குச் சொற்களை விலக்கி, எளியோர்க்கு விளங்கும் சொற்களையே கையாள வேண்டினார். 1524-இல் வெளிவந்த சிறு பாடல் நூலின் எட்டுப் பாட்டுகளுள் நான்கு அவர் இயற்றியவை. 130-ஆம் சங்கீதத்தைத் தழுவிய பாட்டும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு அக்டோபர் மாதம் வரை அவர் துறவியுடையைக் களையவில்லை. ஆகவே சபையாரின் பாட்டு துறவியுடைக்குள்ளிருந்தே பிறந்தது எனலாம்.

இம்மரபு தரங்கம்பாடி வழியாய்த் தமிழகம் வந்தது. 1740-இல் இந்நாட்டிற்கு வந்து, சென்னையில் நெடுங்காலம் ஊழியஞ்செய்து, 1791-இல் காலமான பப்ரீசியுஸ் ஐயர் செர்மானியப் பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார். மணம் புரியாமல் எளிய வாழ்வு வாழ்ந்த அவர் லுத்தரின் பாட்டு மரபைத் தமிழில் நிலைநாட்டினார். ஆயினும் இராகம் செர்மானியமாகவே இருந்தமையால், தமிழ்ச்சொல் அயல் அளவிற்குள் அடங்க நேர்ந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரோ (1774–1864) சுவிசேஷத்தைத் தமிழ் இராக தாளங்களிலேயே பாடினார்.

இவ்விருவருள் லுத்தரின் வழிவந்தவர் யார்? பாட்டை மட்டும் நோக்கின் பப்ரீசியுஸ். லுத்தர் வகுத்த நெறியை நோக்கின் சாஸ்திரியாரே. இதனால் ஞானப்பாட்டுகளைத் தள்ளிவிடலாகாது. தலைமுறைகளின் ஜெபம் அவற்றில் கலந்திருக்கிறது.

இலண்டன் மிஷன் 1827-இல் ஊழியந்தொடங்கிய சேலத்தைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்ச் சபையொன்றில் ஆராதனை நடத்தும் குருவானவர், பாமாலையைத் திறப்பினும் கீர்த்தனையைத் திறப்பினும் லுத்தரின் வினாவையே கேட்கக்கடவர்: கடைசி வரிசையில் அமர்ந்துள்ள எழுத்தறியாத தாய் இதைப் பொருளுணர்ந்து பாடுவாளா? அவள் வாய் மூடியிருக்குமாயின், நாம் இன்னும் இலத்தீனிலேயே பாடுகிறோம்.