இடப்பக்க இருக்கை

2004-இல் அப்பா சான்ட்ரோ வாங்கி அடி அண்ணாமலைக்கு ஓட்டிவந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது தம்பி. ஆரத்தி எடுத்தது அம்மா. ஆரத்தித் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் போய் உட்கார்ந்த இடப்பக்க இருக்கைதான் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு அவருடைய இடம். மடியில் சாப்பாட்டுக் கூடை, காலடியில் தண்ணீர் பாட்டில். ஆர்.சி. புத்தகத்தில் அப்பாவின் பெயர்.

அந்த வண்டியின் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. தென்கொரியாவின் ஹூண்டாய், 1996-இல் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கி, திருப்பெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்தது. 1998 செப்டம்பரில் அதன் முதல் காராகச் சான்ட்ரோ வந்தது. வெளிநாடுகளில் ஆட்டோஸ் என்று விற்ற காரின் இந்திய வடிவம் அது. கூரை உயரம் என்பதால் புடவை கட்டியவரும் அதிகம் குனியாமல் ஏறி இறங்கலாம். நம் மக்களுக்கு அறிமுகமில்லாத நிறுவனத்துக்காக ஷாருக்கான் விளம்பரங்களில் பேசினார். 2003-இல் சான்ட்ரோ ஜிங் வந்தது. பிறகு ஐ10, இயான், கிராண்ட் ஐ10 என்று தங்கைகள் வரிசையாகப் பிறக்க, 2014 இறுதியில் மூத்தவளின் உற்பத்தி நின்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் ஒரு புதிய சிறிய காரோடு வந்தது. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மக்களிடமே போட்டி நடத்தியது. 2018 அக்டோபரில் அது சான்ட்ரோ என்ற பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. வண்டி புதிது, பெயர் பழையது. காரணம் எளிது. புதுப்பெயரை மக்கள் மனத்தில் பதிக்கக் காலமும் பணமும் வேண்டும். பழைய பெயரோ ஏற்கெனவே ஆயிரமாயிரம் வீடுகளில் 'எங்கள் முதல் கார்' என்று புகைப்பட ஆல்பத்துக்குள் இருக்கிறது. நிறுத்திய வண்டியின் பெயர் நிறுவனத்தின் சொத்து. அந்தச் சொத்துக்கு மதிப்புக் கூட்டியது குடும்பங்களின் நினைவு.

அந்தக் குடும்பத்துக்குள் யாருக்கு என்ன இடம் என்பதுதான் என் கேள்வி. புதிய சான்ட்ரோவின் எல்லா வகைகளிலும் ஓட்டுநருக்கு ஏர்பேக் இருந்தது. பக்கத்து இருக்கைக்கு மேல்தர வகைகளில் மட்டுமே இருந்தது. இதை ஒரு நிறுவனத்தின் குறையாக மட்டும் பார்க்க முடியாது. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று இந்தியாவில் விதி நடைமுறைக்கு வந்தது 2019 ஜூலையில். பக்கத்து இருக்கைக்கு அது 2021 ஏப்ரலில், அதுவும் புதிய மாடல்களுக்கு மட்டும். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மாடல்களுக்கு அந்த ஆண்டின் கடைசிவரை அவகாசம் தரப்பட்டது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு கையகலம்தான் இடைவெளி. விதியில் அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக நீண்டது. விதியில் ஆண் என்றோ பெண் என்றோ எழுதியிருக்கவில்லை. ஆனால் நம் வீட்டு கார்களில் அந்த இருக்கையில் பெரும்பாலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

அகப்பாடலில் யாருடைய பெயரையும் சுட்டக்கூடாது என்ற தொல்காப்பிய விதியை வகுப்பில் நடத்தும்போது எனக்கு இந்தக் கார் நினைவுக்கு வரும். தொல்காப்பியம் தலைவன், தலைவி இருவரின் பெயரையும் சேர்த்தே மறைத்தது. 'குடும்ப கார்' என்ற விளம்பரச் சொல்லோ ஒருத்தியின் பெயரை மட்டும் மறைக்கிறது. காருக்குப் பெயர் உண்டு, அதன் உரிமையாளருக்குப் பெயர் உண்டு. கூடையை மடியில் வைத்திருப்பவர் 'குடும்பம்'.

2022-இல் சான்ட்ரோ மறுபடியும் நின்றது. 2023 ஜூலையில் அதே நிறுவனத்தின் எக்ஸ்டர் வந்தது. தரையிலிருந்து சற்று எம்பி நிற்கும் சிறிய எஸ்.யூ.வி. அது. வெளியுலகையும் பயணத்தையும் நினைவூட்டும் பெயர் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அகத்திலிருந்து பெயர் புறத்துக்குப் போய்விட்டது. அந்தப் புறத்தின் விளம்பர முகமாக வந்தவரும் ஓர் ஆண், கிரிக்கெட் வீரர் ஹார்திக் பாண்டியா. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: எக்ஸ்டரின் அடிப்படை வகையிலேயே ஆறு ஏர்பேக்குகள் உண்டு. ஆனால் 2018-இல் சான்ட்ரோவின் தொடக்க விலை 3,89,900 ரூபாய். 2023-இல் எக்ஸ்டரின் தொடக்க விலை 5,99,900 ரூபாய். தன் சம்பளத்தில் முதல் கார் வாங்க நினைக்கும் ஒரு பெண்ணுக்கு, பாதுகாப்பு கிட்டே வந்தபோது கார் எட்டப் போயிருந்தது.

அப்பா இறந்த பிறகு, 2019-இல் ஆர்.சி. புத்தகம் அம்மாவின் பெயருக்கு மாறியது. அதே காரில், காஞ்சி ரோட்டில், முப்பத்தெட்டு வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அம்மா இடப்பக்கம் உட்கார்ந்து, லாரி வரும்போதெல்லாம் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். அந்த வண்டியில் இரண்டு பக்கமுமே ஏர்பேக் கிடையாது.

சென்ற ஆண்டு வேறு கார் பார்க்கப் போனோம். பணம் கட்டப்போவது நான். விற்பனையாளர் தம்பியைப் பார்த்தே பேசினார். மைலேஜ் சொன்னார், புதுப்பெயரின் பொருளையும் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். முன்னால் இருந்த பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த பலூன் என் பக்கமும் இருக்குதான்னு கேளு."

கேட்டேன். விற்பனையாளர் முதன்முறையாக எங்கள் பக்கம் திரும்பினார்.